முதுகைக் காட்டி நின்ற ஆன்டெனா

செப்டம்பர் 9, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் இன்று பதினான்கு பேருக்குக் காது பரிசோதனை. கடைசியாக வந்தவர் பஸ் ஓட்டுநர். ஹெட்போனில் சத்தமே போகாதபோதும் பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தார். காது மந்தம் என்று எழுதிவிட்டால் வண்டியைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று பயம். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் உள்ளதைத்தான் எழுதினேன்.

ஐந்து பத்துக்கு ரேடியோவில் தம்பி வந்தான். கடலில் அவனுக்கு இது பத்தொன்பதாவது நாள். யாரோ விற்ற பாய்மரப் படகை யாரோ வாங்கியிருக்கிறார், அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை. படகில் கேப்டனும் இவனும் இரண்டே பேர். சாட்டிலைட் போன் முதல் வாரத்திலேயே உப்புத்தண்ணீர் குடித்துச் செத்துவிட்டது. இப்போது அவனுக்கும் கரைக்கும் நடுவே இருப்பது படகிலுள்ள ரேடியோவும், எங்கள் மொட்டைமாடி டவரின் உச்சியில் இருக்கிற ஆன்டெனாவும்தான். பேட்டரியை மிச்சப்படுத்தத் தினமும் பத்தே நிமிடம். எங்கே இருக்கிறார்கள், காற்று எப்படி, உடம்பு எப்படி. கேட்டதைச் சின்னவளுக்குப் போனில் சொல்லிவிடுவேன். சின்னவள் என்றால் தம்பி மனைவி. ஊரின் அந்தக் கோடியில் இருக்கிறாள். கோர்ட்டில் சுருக்கெழுத்து வேலை.

"தாடி வெச்சுட்டேன்னு அவகிட்ட சொல்லாதக்கா, பயந்துடுவா."

சொன்னேன். "கடலுக்கே பயப்படல, தாடிக்கா பயப்படுவேன்?" என்றாள்.

பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, ரேடியோவில் தூரத்து ஆட்களைப் பிடித்துப் பேசுவது என் பொழுதுபோக்கு. ஆறு மணிக்கு எனக்கு ஓர் ஆசை வந்தது. வடக்கே ஒரு குட்டித் தீவிலிருந்து ஒருவர் பேசிக்கொண்டிருக்கிறார், இன்றைக்கு விட்டால் இனி எப்போதோ என்று ரேடியோ நண்பர்களிடமிருந்து செய்தி. தெற்கே, தம்பி பக்கம் பார்த்திருந்த ஆன்டெனாவை, அறையிலிருந்தே மோட்டாரை ஓட்டி வடக்கே திருப்பினேன். கிடைத்துவிட்டார்! மறுபடி தெற்கே கொண்டுவர லீவரை அமுக்கினால் கன்ட்ரோல் பாக்ஸில் முள் அசையவில்லை. மாடிக்குப் போய்க் காது கொடுத்தேன், கீழே இவர், என் வீட்டுக்காரர், லீவரை அமுக்கினார். டவர் உச்சியில் பிரேக் விடுகிற 'டக்' கேட்கிறது. மோட்டார் முனகுகிறது. சுற்றவில்லை.

சூடாகியிருக்கும். ஆறினால் சரியாகிவிடும்.

செப்டம்பர் 10, புதன்

சரியாகவில்லை.

இந்த ஆன்டெனா டார்ச் மாதிரி. முன்பக்கம் எவ்வளவு தூரமானாலும் எட்டும், பின்பக்கம் இருட்டு. இப்போது அது தம்பிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது.

காலையில் ஃபியூஸ் பார்த்தேன். நன்றாக இருக்கிறது. பாக்ஸிலிருந்து கரண்ட் போகிறதா? போகிறது. மூடியைக் கழற்றியதும் தெரிந்தது, மோட்டாரைக் கிளப்பிவிடுகிற கெப்பாசிட்டர் வயிறு உப்பியிருக்கிறது. அப்பாடா, இதுதான் கள்ளன். வேலை முடிந்து வருகிற வழியில் கடைக்குப் போனால் அந்த அளவு இல்லை, நாளைக்குத்தான் வருமாம்.

ஐந்து பத்து. ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். கொதிக்கிற எண்ணெய் மாதிரி இரைச்சல். அதற்கடியில் ஒரு குரல், அல்லது குரல் மாதிரி ஒன்று. கூப்பிட்டேன். திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். ஐந்து இருபத்தைந்துக்கு அந்த 'மாதிரி'யும் இல்லை.

ஐந்தரைக்குப் போன். சின்னவள்.

"அண்ணி, என்ன சொன்னார்?"

கிடைக்கவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் பின்னால் குக்கர் சத்தம், ஏதோ பாட்டு. ஒரு நாள்தானே. நாளைக்குக் கெப்பாசிட்டர் வந்துவிடும். எதற்கு அவள் ராத்திரியைக் கெடுப்பது?

"நல்லா இருக்கான்மா. காத்து கொஞ்சம் ஜாஸ்தி. மத்தபடி ஒண்ணும் இல்ல."

அவ்வளவுதான் சொன்னேன்.

செப்டம்பர் 11, வியாழன்

புதுக் கெப்பாசிட்டர் போட்டேன். முனகல்தான். சுற்றவில்லை.

கெப்பாசிட்டர் கள்ளன் இல்லையென்றால் வேறு யார்? பிரேக் வேலை செய்கிறது. பாக்ஸ் வேலை செய்கிறது. லீவரைப் பத்துத் தடவை அமுக்கியிருப்பேன். மோட்டார் எரிந்துபோகும் என்று இவர் கையைப் பிடித்து எடுத்துவிட்டார்.

"டவர்ல ஏறி கையால திருப்பிட்டா?" என்றேன்.

"இந்தக் காத்துலயா? உனக்கா? உனக்கு ஸ்டூல் மேல ஏறினாலே தலை சுத்தும்."

உண்மைதான். ஊராரின் காதையெல்லாம் பார்க்கிறவளுக்கு உள்காதில் கோளாறு. இவருக்கோ முட்டி ஆபரேஷன் ஆகி எட்டு மாதம்தான், தன் அச்சக வேலையில்கூட உட்கார்ந்துதான் மெஷின் பார்க்கிறார். டவர் ஏறுகிற ஆளுக்குப் போன் போட்டால், காற்று அடங்காமல் எந்த டவரிலும் கால் வைக்கமாட்டேன் என்கிறார். அவர் சொல்வதும் நியாயம்.

ஐந்து பத்து. ஒன்றுமில்லை. நேற்றைய அந்த 'மாதிரி'கூட இல்லை.

சின்னவளிடம் இன்றும் — தூங்கினானாம், மீன் பிடித்தானாம். மீன் எங்கிருந்து வந்தது என் வாயில்?

செப்டம்பர் 12, வெள்ளி

அரைநாள் லீவு. மாடியின் குறுக்கே ஒரு வெறும் கம்பியை இழுத்துக் கட்டினேன். அது எல்லாப் பக்கமும் கேட்கும். கேட்டது: பக்கத்துக் கட்டடத்தின் லிஃப்ட், தெருவிளக்கு, எவர் வீட்டிலோ சார்ஜர். அந்தச் சந்தைக்கடை இரைச்சலில் படகு எங்கே கேட்கும்?

மீசைக்குப் போன் செய்தேன். இரண்டு ஊர் தள்ளி இருக்கிற ரேடியோ நண்பர். முகம் பார்த்ததில்லை. குரலைக் கேட்டு நான் வைத்த பெயர்.

"நானும் தினம் அஞ்சு பத்துக்கு உக்காந்து பாக்கறேம்மா. என்னோடதும் வெறும் கம்பிதானே. புதன்கிழமை ஏதோ கேட்டுது. 'அக்கா'ன்னு ஒரு தடவை காதுல விழுந்த மாதிரி இருந்துது. அதுக்கு மேல பிடிபடல."

'அக்கா' என்று.

நல்ல ஆன்டெனா வைத்திருக்கிற இன்னொருவர் வீடு மாறுகிறார், எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டாராம். அந்த வழியும் அடைபட்டது.

அப்புறம் செய்தேன், முதல் நாளே செய்திருக்க வேண்டியதை. பாக்ஸிலிருந்து கேபிளைக் கழற்றி, அதன் ஒயர்களை ஒவ்வொன்றாக மீட்டரில் பார்த்தேன். மோட்டாருக்குள் இரண்டு சுற்று. ஒன்று நான்கு ஓம் காட்டுகிறது, சரி. மற்றது எதுவுமே காட்டவில்லை. அறுந்திருக்கிறது. ஒரு சுற்றை வைத்துக்கொண்டு மோட்டார் முனகத்தான் முடியும், கிளம்பாது.

ஆக மோட்டார் போய்விட்டது. புது மோட்டார் வர மூன்று வாரம். மூன்று வாரத்தில் படகு — என்ன ஆகும்? கரை சேர்ந்திருக்கும். சேர்ந்திருக்கும்தானே?

எல்லாம் அந்தத் தீவுக்காரர் ஒருவருக்காக. ஒரு நிமிடப் பேச்சு. தெற்கே பார்த்தபடியே நின்றுபோயிருந்தால் மோட்டார் எரிந்தால் எனக்கென்ன, உடைந்தால் எனக்கென்ன! நான்தான் திருப்பினேன். யாரும் சொல்லித் திருப்பவில்லை.

சின்னவளிடம் சொன்னது: "சட்டை தோச்சு காயப்போட்டானாம்."

"பேச்சு தெளிவா இருந்துதா அண்ணி?"

"ரொம்பத் தெளிவா."

செப்டம்பர் 13, சனி

காற்று. காலையிலிருந்து டவரை இழுத்துக் கட்டியிருக்கிற கம்பிகள் ஊளையிடுகின்றன.

ஐந்து பத்து. இல்லை.

நாளைக்குக் காற்று குறையும் என்கிறது செய்தி. குறைந்தால் நானே ஏறுகிறேன் என்றேன். இவர் சத்தம் போட்டார். நானும் போட்டேன். இருபத்தாறு வருஷத்தில் இவ்வளவு சத்தமாகச் சண்டை போட்டதில்லை. கடைசியில் இவர், "ஏறி என்ன பண்ணப் போறே? மோட்டார்தான் எரிஞ்சுபோச்சே" என்றார். "எரிஞ்சிருந்தா எரிஞ்சுதுன்னு கண்ணால பாக்கறேன். கிளாம்பை லூஸ் பண்ணி ஆன்டெனாவைக் கையால தள்ளறேன்" என்றேன். அதற்கப்புறம் இவர் என்னவோ சொல்ல வருகிறவர் மாதிரி இரண்டு தடவை சமையலறை வரைக்கும் வந்துவிட்டுப் போனார்.

சின்னவளிடம் — எழுதக் கை கூசுகிறது — "உன்னைக் கேட்டதா சொன்னான்" என்றேன். சரி என்றாள். நன்றி என்றாள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

எங்கிருந்து தொடங்க? வரிசையாகவே எழுதுகிறேன்.

காலை ஏழரைக்குக் காற்று அடங்கியிருந்தது. தலைசுற்றல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, டவர்காரரின் இடுப்புப் பெல்ட்டைக் கட்டிக்கொண்டேன். நேற்றே அவர் வீட்டுக்குப் போய் வாங்கி வந்திருந்தேன். "கீழ பாக்காதீங்க, மேலயும் பாக்காதீங்க, கையை மட்டும் பாருங்க" என்று சொல்லிக் கொடுத்தார். கையை மட்டும் பார்த்தேன். நாற்பது அடி. ஒவ்வொரு படிக்கும் கொக்கியை அவிழ்த்து மேலே மாட்டு, அவிழ்த்து மாட்டு. பாதியில் உலகம் ஒரு பக்கமாகச் சரிந்தது. கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றேன். கீழேயிருந்து இவர், "இறங்கிடு, இறங்கிடு" என்கிறார். அதே மூச்சில், "போதும்னா நின்னுக்கோ, அவசரமில்ல" என்கிறார். எதைக் கேட்பது? சரிந்த உலகம் நேரானதும் ஏறினேன்.

முதலில் கிளாம்ப். போல்ட் துருவேறிக் கல்லாகியிருக்கிறது. ஸ்பேனர் இரண்டு தடவை வழுக்கியது. இரண்டாம் தடவை என் முழு உடம்பும் அதோடு போய் பெல்ட்டில் நின்றது. அதற்குமேல் தைரியமில்லை.

சரி, மோட்டாரையாவது பார்ப்போம். கேபிள் மாட்டியிருக்கிற மூடியைக் கழற்றினேன். பச்சைப் பூத்து, தண்ணீர் தேங்கி, எறும்பு குடியிருக்கும் என்று நினைத்தேன். உள்ளே சுத்தம். புத்தம்புதிது மாதிரி. ஒயர்களை விடுவித்து மோட்டாரில் ஒயர் மாட்டுகிற காலிலேயே மீட்டரை வைத்தேன்.

நான்கு ஓம். மற்ற சுற்றும் நான்கு ஓம்.

திரும்ப வைத்தேன். நான்கு, நான்கு.

மோட்டார் நன்றாக இருக்கிறது! இரண்டு நாளாக அதன் மேல் பழி போட்டிருக்கிறேன். "மோட்டார் நல்லா இருக்குங்க! கேபிள்தான்! நடுவுல எங்கயோ ஒரு ஒயர் அறுந்திருக்கு!" என்று கத்தினேன்.



ஒயர்களைப் பழையபடி மாட்டிவிட்டு இறங்கினேன். கால் தரையில் பட்டதும் உட்கார்ந்துவிட்டேன். இவர் தண்ணீர் கொடுத்தார். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"தண்ணித்தொட்டி பின்னாடி ஒரு ஜாயின்ட் இருக்கு."

"என்ன ஜாயின்ட்?"

"கேபிள் போட்டப்போ மூணு மீட்டர் பத்தல. நீ அன்னைக்கு டியூட்டி. பழைய துண்டைச் சேர்த்து டேப் சுத்தினேன். முழுக் கேபிளும் புதுசுன்னு உன்கிட்ட சொல்லிட்டேன்."

"ஆறு வருஷமாச்சு."

"புதன்கிழமையே ஞாபகம் வந்துது. கெட்டியாத்தானே சுத்தினோம், அதுவா இருக்காதுன்னு நானே சொல்லிக்கிட்டேன். அப்புறம் நாளாக நாளாக... சொல்ல முடியல. நீ ஏறவேண்டியதே இல்ல."

கத்த வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். நாளாக ஆகச் சொல்ல முடியாமல் போவது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. கறுப்பு டேப் கசிந்து கூழாகியிருந்தது. பிரித்தால் உள்ளே எட்டு ஒயரில் ஏழு கறுத்திருக்கிறது, ஒன்று பச்சைப் பொடியாக உதிர்ந்து என் விரலிலேயே வந்துவிட்டது. அழுகியதை வெட்டி, புதுத் துண்டு சேர்த்து, ஒவ்வொன்றாகப் பற்றவைத்து, சூட்டில் சுருங்குகிற உறையை மேலே போட்டுச் சூடு காட்டினேன். இவர் ஒயரைப் பிடித்துக்கொண்டார். முட்டியை மடக்க முடியாமல் காலை நீட்டிக்கொண்டே, ஒரு மணி நேரம்.

பன்னிரண்டேகாலுக்கு லீவரை அமுக்கினேன். டக். முள் நகர்ந்தது. மாடிக்கு ஓடினேன். ஆன்டெனா திரும்புகிறது, ஆடி அசைந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி. தெற்கே வந்து நின்றது.

நாலரைக்கு வாசலில் பெல். சின்னவள்.

"கோர்ட் லீவுதானே, இன்னைக்காவது அவர் குரலைக் காதால கேக்கலாம்னு வந்தேன் அண்ணி."

நாற்பது நிமிடம் இருந்தது. சொல்லியிருக்கலாம். காபி போட்டேன். டம்ளரைக் கழுவினேன். சொல்லியிருக்கலாம். அவள் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் காட்டினாள். தினமும் நான் போனில் சொல்வதையெல்லாம் சுருக்கெழுத்தில் எழுதி வைத்திருக்கிறாள். தேதி போட்டு. அவன் திரும்பி வந்ததும் படித்துக் காட்டுவாளாம். மீன், சட்டை, எல்லாம் இருக்கிறது. அப்போதும் நான் சொல்லவில்லை. ஒருவேளை அவன் கிடைத்துவிட்டால், நன்றாக இருந்துவிட்டால், சொல்லவே வேண்டாமே என்று —

ஐந்து பத்து. ஸ்பீக்கரில் போட்டேன்.

இரைச்சல். ஐந்து பதினொன்று. பன்னிரண்டு. பதின்மூன்றில்:

"அக்கா... அக்கா, கேக்குதா..."

அறைக்குள் நிற்கிற மாதிரி. நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் அவன் உடைந்துவிட்டான்.

"எங்கக்கா போனே? நாலு நாளா கூப்பிடறேன். நாலு நாளா. யாருமே பதில் சொல்லல. கேப்டனுக்குக் காய்ச்சல். கயிறு அறுத்து கால்ல காயம், புதன்கிழமையிலேருந்து வீங்கிக்கிட்டே போகுது. நான் ஒருத்தனா ஓட்டறேன். தூங்கி எவ்வளவு நேரமாச்சுன்னே தெரியல."

நான் சின்னவள் பக்கம் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

"ஆன்டெனா ரிப்பேர்டா. இப்பதான் சரியாச்சு. எங்க இருக்கே, முதல்ல இடத்தைச் சொல்லு."

பின்னாலிருந்து பேனா ஓடுகிற சத்தம். அவள் எழுதுகிறாள்! அவன் சொன்ன எண்களை, காயத்தை, காய்ச்சலை, ஒன்று விடாமல். ஆஸ்பத்திரியின் டியூட்டி டாக்டருக்கு இவர் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து மைக் பக்கத்தில் பிடித்தார். டாக்டர் கேட்க, நான் சொல்ல, அவன் பதில் சொல்ல. காயத்திலிருந்து சிவப்புக் கோடு மேலே ஏறுகிறதா? ஏறுகிறது. மருந்துப் பெட்டியில் என்னென்ன மாத்திரை? ஒவ்வொரு எழுத்தாகப் படித்தான். இதைக் கொடு, இத்தனை மணிக்கு ஒருமுறை, காலை உயரத்தில் வை, காயத்தை இப்படிக் கழுவு. டாக்டர் கடைசியாகச் சொன்னார்: "போற ஊருக்குப் போகவேண்டாம். கிட்ட இருக்கிற துறைமுகத்துக்குத் திருப்பச் சொல்லுங்க." படகில் ஆபத்துச் செய்தி அனுப்புகிற அவசரப் பெட்டி இருக்கிறதாம், அதன் பட்டனை அமுக்கினால் கப்பல் வந்து ஆளைத் தூக்கிக்கொள்ளும், படகைக் கடலில் விட வேண்டியதுதான், கேப்டன் வேண்டாம் என்கிறாராம். "நாளைக்குக் காய்ச்சல் குறையலைன்னா அவரைக் கேக்காதே, அமுக்கு" என்றார் டாக்டர்.

பத்தொன்பது நிமிடம் ஆகிவிட்டது. பேட்டரி. மைக்கைச் சின்னவளிடம் நீட்டினேன்.

"நான் இங்கதான் இருக்கேன்" என்றாள். "நாளைக்கும் இருப்பேன். ஒரு மணி நேரம் அலாரம் வெச்சு தூங்குங்க. தூங்கிட்டு எழுந்து பாருங்க. சரியா?"

குரல் நடுங்கவே இல்லை. அவன் சரி என்றான். போய்விட்டான்.

அப்புறம் அவள் நோட்டில் நாலு பக்கத்தை, புதன் முதல் சனி வரை, ஒவ்வொன்றாகக் குறுக்கே கோடு போட்டாள். கிழிக்கவில்லை.

"ஒரே மாதிரி சொல்ற சாட்சியை நாங்க யாரும் நம்பமாட்டோம் அண்ணி. நீங்க தினம் வேற வேறயா சொன்னீங்க. அதனால நம்பினேன்."

"உன்னைப் பயமுறுத்தவேண்டாம்னுதான்மா..."

"நாலு ராத்திரி நிம்மதியாத் தூங்கினேன். அவர் அங்க தூங்காம நின்னுக்கிட்டிருந்தப்போ. அந்தத் தூக்கம் வேணுமான்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

இவர் வாசல்வரை போய் அவளுக்கு ஆட்டோ பிடித்துக் கொடுத்தார்.

செப்டம்பர் 15, திங்கள்

கோர்ட்டிலிருந்து நேராக வந்தாள். இவரிடம் பேசினாள். "முள் சரியா காட்டுதா? தெற்கு அதுதானே?" என்று இவரிடம்தான் கேட்டாள். என்னிடம் இல்லை. காபியை எடுத்துக்கொள்ளவில்லை.

தம்பி கிடைத்தான். காய்ச்சல் ஏறவில்லை, இறங்கவும் இல்லை. சிவப்புக் கோடு அங்கேயே நிற்கிறது. கோட்டின் நுனியில் பேனாவால் குறி வைக்கச் சொன்னார் டாக்டர். மாத்திரைக்கு இன்னும் ஒரு நாள் கொடுப்போம் என்றார்.

மாடிக்கு மூன்று தடவை போய் ஆன்டெனாவைப் பார்த்துவிட்டு வந்தேன். தெற்கேதான் இருக்கிறது. ஜாயின்ட்டைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருக்கிறது. மழை வந்தால்?

செப்டம்பர் 16, செவ்வாய்

மழை வந்தது. ஜாயின்ட்டுக்குக் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார் இவர். சொன்னால் யார் நம்புவார்கள்.

தம்பி குரல் சன்னமாக இருந்தது. பேட்டரி இறங்குகிறது, வெயில் இல்லாததால் சோலாரும் ஏறவில்லையாம். நான்கு நிமிடம்தான். கோடு பேனாக் குறியைத் தாண்டவில்லை.

செப்டம்பர் 17, புதன்

கோடு இறங்கியிருக்கிறது! இரண்டு விரற்கடை. கேப்டன் எழுந்து உட்கார்ந்து தம்பியைத் திட்டினாராம், பாயைத் தப்பாகக் கட்டியிருக்கிறான் என்று. தம்பி அதைச் சொல்லிச் சிரித்தான். சின்னவளும் சிரித்தாள். நான் சிரித்ததும் நிறுத்திக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் கவனம் இல்லை. ஒருவருக்கு இடது காதுக்குப் பதில் வலது காதை இரண்டு தடவை பார்த்துவிட்டேன்.

செப்டம்பர் 18, வியாழன்

அவள் போகும்போது படிக்கட்டில் நிறுத்திச் சொன்னேன். சமாதானம் எதுவும் சொல்லவில்லை. "அந்தப் பக்கம் திருப்பினது நான்தான். வேற ஒருத்தர்கூட பேச ஆசைப்பட்டுத் திருப்பினேன். அதையும் உன்கிட்ட சொல்லல" என்றேன்.

ஒரு படி இறங்கி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"பேசினீங்களா அவர்கூட?"

"ஒரு நிமிஷம்."

"ம்."

இறங்கிப் போய்விட்டாள்.

செப்டம்பர் 20, சனி

காலை பத்து நாற்பதுக்குப் போன். ரேடியோ இல்லை, போன்! துறைமுகத்திலிருந்து. கேப்டனை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள், கால் தப்பிக்கும் என்கிறார்களாம். தம்பி முதலில் சின்னவளுக்குத்தான் பேசியிருக்கிறான். இருபது நிமிடம் கழித்துத்தான் எனக்கு.

அப்படித்தான் இருக்க வேண்டும்.

இவர் தொட்டி பின்னாலிருந்த கேபிளையே முழுதாகப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஜாயின்ட் இல்லாத புதுசு இழுத்துக்கொண்டிருக்கிறார். அளந்து வாங்கினாராம், இரண்டு தடவை.

செப்டம்பர் 23, செவ்வாய்

தம்பி வெள்ளிக்கிழமை விமானத்தில் வருகிறான். ஐந்து பத்துக்கு இனி யாரும் வரப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

ஐந்து மணிக்குச் சின்னவள் வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு நேராக ரேடியோ அறைக்குப் போனாள். ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டு லீவரை அமுக்கி, ஆன்டெனாவை மேற்கே திருப்பினாள். அங்கே யாரோ இருவர் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அரைமணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் வாசல்படியிலேயே நின்றேன்.

ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். ஒன்பது நாளாக இல்லாமல் என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"இந்த லைசென்ஸ் பரீட்சைக்கு என்னென்ன படிக்கணும்?"

"நீயா?"

"அவர் அடுத்த தடவை போறப்போ எனக்கு யாரும் எதுவும் சொல்லவேண்டாம். நானே கேட்டுக்கறேன்."

அலமாரியிலிருந்து என் பழைய பாடப் புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டி, முதல் பாடத்தைப் பிரித்துக் கொடுத்தேன். மின்சாரம், மின்தடை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இதையாவது உள்ளபடி சொல்லிக் குடுங்க" என்றாள்.

சிரித்தபடி சொன்னாளா என்று நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தேன்.